எலிக்குத் தனி வளை இல்லை

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சிறியதே ஆயினும் தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று ஏங்கும் மனித உள்ளத்தை இப்பழமொழி எடுத்துக் காட்டுகிறது. ஆனால், நகரத்து எலியின் வாழ்க்கையைச் சற்றே கூர்ந்து நோக்கினால், அதற்குத் தனி வளை என்பதே கிடையாது என்பது விளங்கும். முதல் வீட்டுப் பரணில் உறங்கி, இரண்டாம் வீட்டு அடுக்களையில் உண்டு, மூன்றாம் வீட்டுத் தென்னையில் இளங்காயைத் துளைத்து, நான்காம் வீட்டு விறகுக் குவியலில் குட்டி போடுகிறது அது. தெரு முழுவதும் அதற்கு ஒரே வீடு. நாமோ "எங்கள் வீட்டு எலி", "அடுத்த வீட்டு எலி" என்று பிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரிவினையே நமது தோல்விக்குக் காரணம் என்பதும், எலியை வெல்ல வேண்டுமானால் தெரு ஒரு குடும்பமாக வேண்டும் என்பதும் நமது துணிவான கருத்து.

எலி என்று பொதுவாகச் சொன்னாலும், நம் குடியிருப்புகளில் நடமாடுபவை பலவகை. அலமாரியிலும் புத்தகப் பெட்டியிலும் ஒளிந்து கொள்வது சுண்டெலி. கூரையிலும் பரணிலும் ஏறி ஓடுவது வீட்டெலி. சாக்கடை ஓரத்தையும் சுற்றுச்சுவரின் அடியையும் தோண்டிக்கொண்டு, இரவில் பூனையையே மிரள வைப்பது பெருச்சாளி. இது ஒரு கிலோ எடை வரை வளரக் கூடியது. தெலுங்கில் இதனைப் "பந்திக்கொக்கு", அதாவது பன்றி எலி என்பார்கள். ஆங்கிலேயர் அச்சொல்லைத்தான் "பாண்டிகூட்" என்று தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். நீண்ட மூக்கும் சிறு கண்ணும் கொண்டு, கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறோ எலி இனத்தைச் சேர்ந்ததே அன்று. கரப்பான் பூச்சியையும் பிற பூச்சிகளையும் தின்று வாழும் அதனையும் எலி என்றெண்ணி நாம் அடித்துக் கொல்கிறோம். பகைவன் யார் என்று அறியாமலேயே போர் தொடுக்கிறோம் என்பதற்கு இதுவே சான்றாகும்.

எலியின் வலிமை அதன் பற்களிலும் பெருக்கத்திலும் இருக்கிறது. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அது எதையேனும் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். துணி, மரம், பிளாஸ்டிக் குழாய், மின்கம்பி எதுவும் அதற்குப் பொருட்டல்ல. கடிபட்ட மின்கம்பி தீ விபத்துக்கும் வழி வகுக்கிறது. பெண் எலி கருவுற்ற மூன்று வாரத்தில் ஏழெட்டுக் குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் இரண்டு மூன்று மாதத்திலேயே தாமும் குட்டி போடும் பருவத்தை எய்திவிடும். கணக்கில் கெட்டிக்காரத் தோழியர் ஒரு சோடி எலியின் ஓராண்டு வம்சத்தைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்! அத்தனையும் பிழைப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் எத்தனை பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நாம் வைக்கும் பொறியன்று, நாம் போடும் சோறே.

இன்று நாம் எலியை எப்படி எதிர்கொள்கிறோம்? முதலாவது வழி, எலிக்கூண்டு. அதில் மசால்வடையோ கருவாட்டுத் துண்டோ தேங்காய்ச் சில்லோ வைக்கிறோம். விடிந்ததும் உள்ளே எலி இருக்கும். வீடே மகிழ்ச்சியில் ஆரவாரிக்கும். பிறகு என்ன செய்கிறோம்? கூண்டைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் திறந்து விடுகிறோம். "பாவம், உயிரைக் கொல்வானேன்?" என்று இரக்கமும் பேசிக்கொள்கிறோம். அடுத்த தெருவினருக்கும் இதே இரக்கம் இருக்குமன்றோ? அவர்கள் பிடித்த எலி நம் தெருவுக்கு வந்து சேர்கிறது. இப்படி இரண்டு தெருக்களும் எலிகளைப் பண்டமாற்றுச் செய்துகொள்கின்றன. இதற்குப் பெயர் இரக்கமன்று. நம் துன்பத்தைப் பிறர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவதே இது.

இரண்டாவது வழி, எலி மருந்து. மருந்து என்று அழைக்கிறோமே ஒழிய, அது நஞ்சுதான். பல ஆண்டுகளாகக் கடைகளில் தாராளமாகக் கிடைத்த மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசையை நம் பெற்றோர் அறிவர். பற்பசைபோன்ற குழாயில் விற்கப்பட்ட அதனைப் பற்பசை என்றே எண்ணிப் பல் துலக்கியோர் உண்டு. கல்லீரலை அழிக்கும் அந்தப் பசை தமிழகத்தில் எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்திய பின்னர், 2020-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. பழைய குழாய் ஏதேனும் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தால் அதனை இன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். எந்த எலி நஞ்சாயினும், யாருடைய வாயில் பட்டாலும், "ஒன்றும் ஆகவில்லையே" என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். முதல் நாளில் வெளியே தெரியாத தீங்கு சில நாள் கழித்தே தலைகாட்டுவதுண்டு.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்த துயரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டில் எலித்தொல்லை தாங்காமல், கூலி கொடுத்து ஆள் வைத்து எலி மருந்து வைத்தார்கள். அன்றிரவு அவ்வீட்டில் உறங்கிய குடும்பத்தினர் உடல்நலம் குன்றினர். இரண்டு சிறு குழந்தைகள் உயிர் நீத்தனர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று பெரியோர் சொன்னார்கள். உறங்கும் அறைக்குள் நஞ்சை வைப்பதும் அதற்குக் குறைந்த செயலன்று. பெற்றோருக்கு நாம் பணிவுடன் விடுக்கும் வேண்டுகோள் இதுவே: எந்த நஞ்சை, எந்த அறையில், எவ்வளவு வைக்கிறார்கள், அதன் பின் எத்தனை நேரம் கதவு சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டறியாமல் எவரையும் வீட்டுக்குள் அனுமதிக்காதீர்கள். குழந்தைகள் உறங்கும் அறையில் நஞ்சு வேண்டவே வேண்டாம்.

நஞ்சின் கேடு வீட்டோடு நிற்பதுமில்லை. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதனைப் பூனை பிடிக்கிறது, கூகை பிடிக்கிறது. எலியை இயற்கையாகவே குறைத்து வந்த அந்த உயிர்களும் மாண்டு போகின்றன. கூகை அலறினால் கேடு என்று நம்புவோர் இன்றும் இருக்கின்றனர். உண்மையில் இரவு முழுவதும் நமக்காகக் கூலியின்றிக் காவல் காக்கும் பறவை அது. காவற்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடுவது அறிவுடைமை ஆகுமா?

சரி, நஞ்சு வேண்டாம், வேறு வழியில் ஒவ்வோர் எலியாகக் கொன்றே ஒழித்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். இதற்கு வரலாறு ஒரு வேடிக்கையான விடையை வைத்திருக்கிறது. 1902-ஆம் ஆண்டில் வியட்நாமின் ஹனோய் நகரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்டு வந்தனர். அவர்கள் கட்டிய புதிய பாதாளச் சாக்கடை எலிகளுக்கு மாளிகை ஆயிற்று. பிளேக் நோய்க்கு அஞ்சிய அரசினர், எலியின் வாலைக் கொண்டு வந்து கொடுத்தால் வாலுக்கு இவ்வளவு காசு என்று அறிவித்தனர். வால்கள் வந்து குவிந்தன, ஆனால் எலிகள் குறையவில்லை. சில நாளில் நகரத்தில் வாலில்லாத எலிகள் ஓடுவதைக் கண்டு அதிகாரிகள் திகைத்தனர். மக்கள் வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிட்டனர், அது மேலும் குட்டி போடட்டும் என்று! ஊருக்கு வெளியே எலிப்பண்ணை வைத்தவர்களும் இருந்தனர். முடிவில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

நகைப்புக்கு இடமான இக்கதையில் ஓர் ஆழ்ந்த உண்மை அடங்கியிருக்கிறது. கொன்ற எலிகளை எண்ணுவதால் பயனில்லை. ஒரு தெருவில் எத்தனை எலிகள் வாழும் என்பது அங்கே எவ்வளவு உணவும் எத்தனை ஒளிவிடமும் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. உணவு அப்படியே இருக்கையில் பாதி எலியைக் கொன்றால், மீதிப் பாதி நன்றாக உண்டு கொழுத்து, சில மாதங்களில் பழைய எண்ணிக்கையை நிரப்பிவிடும். போதாதற்கு அக்கம்பக்கத்து எலிகளும் குடியேறும். உணவையும் வளையையும் நீக்கிவிட்டாலோ, அங்கே அத்தனை எலிகள் வாழ இயலாது.

இதற்குச் சான்று வேண்டுமானால் நம் நாட்டின் சூரத் நகரைப் பார்ப்போம். 1994 செப்டம்பரில் குஜராத்தின் அந்தச் செல்வ நகரில் பிளேக் என்னும் கொடுநோய் தோன்றியது. அதற்கு முன் பெய்த பெருமழையில் தெருக்கள் நீரில் மூழ்கியிருந்தன. அள்ளப்படாத குப்பையும் அடைபட்ட சாக்கடையும் எங்கும் நாறின. இலட்சக்கணக்கான மக்கள் கிடைத்த ரயிலிலும் பேருந்திலும் ஏறி ஊரைவிட்டே ஓடினர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். உலகமே இந்தியாவை அச்சத்துடன் நோக்கியது. 1896-இல் பம்பாயைச் சூறையாடிய நோய் மீண்டும் வந்துவிட்டதே என்று மக்கள் நடுங்கினர்.

அடுத்த ஆண்டு, 1995-இல், எஸ். ஆர். ராவ் என்பவர் சூரத் மாநகராட்சியின் ஆணையராகப் பொறுப்பேற்றார். அவர் செய்தது என்ன? குளிரூட்டிய அறையில் அமர்ந்திருந்த அதிகாரிகளை நாள்தோறும் தெருவில் இறங்கச் செய்தார். குப்பையை அன்றன்றே அள்ளச் செய்தார். தெருவில் குப்பை கொட்டிய உணவு விடுதிகளுக்குத் தண்டம் விதித்தார். குடிசைப் பகுதிகளுக்கும் சாக்கடை வசதியும் கழிவறையும் தந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் நாட்டின் மிகத் தூய நகரங்களுள் ஒன்று என்று சூரத் புகழப் பெற்றது. நோயுண்ட நகரம் நலம் பெற்றது துடைப்பத்தாலும் மண்வெட்டியாலும், யாருக்கும் விலக்களிக்காத ஒழுங்கு முறையாலும் அன்றோ!

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "சூரத்தில் ஆணையர் செய்தார். நம் ஊரிலும் மாநகராட்சி செய்யட்டும். வரி கட்டுகிறோமே, எலியைப் பிடிப்பது நம் வேலையா?" இக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சாக்கடைக்கு மூடி போடுவதும், குப்பையைக் காலத்தில் அள்ளுவதும், பெருச்சாளி தோண்டிய நடைபாதையைச் செப்பனிடுவதும் மாநகராட்சியின் கடமையே. அதனைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஆனால் மீந்த சோற்றைப் பையில் கட்டி, இரவு பத்து மணிக்குத் தெரு முனையில் எறிவது மாநகராட்சி அன்று. வாசலுக்கே வரும் வண்டியில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒன்றாகக் கலந்து கொட்டுவதும் மாநகராட்சி அன்று. குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. விதியை அரசு எழுதலாம். அடுக்களையில் இரண்டு வாளி வைக்க வேண்டியவர் நாமே.

மேலும், நாம் சிந்திக்க மறந்த ஒன்று உண்டு. நம் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட எலி எங்கே போகிறது? நம் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, சிமெண்டுத் தளம் உண்டு, இரும்புக் கதவு உண்டு. கால்வாய்க் கரையில் தகரத்தாலும் ஓலையாலும் மறைத்த வீட்டுக்கு இவை எதுவும் இல்லை. அங்கே குழந்தை பாயில் தரையில் உறங்குகிறது. அரிசி சாக்கிலேயே இருக்கிறது. நம் மீந்த சோற்றால் கொழுத்த எலி, நாம் கதவை அடைத்ததும் அங்கேதான் போகிறது; உறங்கும் குழந்தையின் கால் விரலைக் கடிக்கிறது. வசதியுள்ளவர் வளர்க்க, வசதியற்றவர் கடிபடுகின்றனர். அயலாரை நேசிக்கக் கற்றுத்தரும் பள்ளியில் பயிலும் நாம், எலித் தொல்லையைக் கூட அயலாரின் கண்கொண்டு பார்க்க வேண்டாமா?

இவ்வாறே நம் கவனத்திற்குரிய இன்னொருவர் தூய்மைப் பணியாளர். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி வாழ்கிறது. அது எலியை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அச்சிறுநீர் கலந்த நீரும் சேறும் மனிதரின் கால் வெடிப்பிலும் கீறலிலும் பட்டால் எலிக்காய்ச்சல் உண்டாகிறது. கடும் காய்ச்சல், தசைவலி, கண் சிவத்தல் எனத் தொடங்கி, கவனியாது விட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நோய் இது. 2018 ஆகஸ்டில் கேரளத்தைச் சூழ்ந்த பெருவெள்ளம் வடிந்தபின் இந்நோய் பரவியது. வெள்ளத்தில் இறங்கி உதவியவர்களுக்கெல்லாம் அரசு தடுப்பு மாத்திரை வழங்க நேர்ந்தது. காலத்தில் மருத்துவரிடம் சென்றால் குணமாகக் கூடிய நோய்தான். ஆயினும், நாம் ஈரமும் சோறும் கலந்து கட்டி எறிந்த பையை வெறுங்கையால் பிரிக்கும் அம்மையாருக்கு ஒரு சோடி கையுறையேனும் உண்டா என்று நாம் என்றேனும் கேட்டிருக்கிறோமா? மழை நீரில் நடந்து வந்ததும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவும் வசதி நமக்கு உண்டு. நாள் முழுவதும் அதே நீரில் நிற்பவருக்கு?

உயிர்களிடத்தில் அன்பு வேண்டும், எலியும் படைப்புத்தானே என்று நம் தோழியர் சிலர் வருந்தக் கூடும். அவ்வருத்தம் மதிக்கத்தக்கது. நல்ல மனத்தின் அடையாளம் அது. அவர்களுக்கும் நமது வழியே ஏற்றது. உணவையும் வளையையும் நீக்கும் தெருவில் எலிகள் பெருகுவதே இல்லை. ஆகவே கொல்ல வேண்டியவையும் மிகச் சில. உள்ளே புகுந்துவிட்ட அச்சிலவற்றை நொடியில் முடிக்கும் பொறியால் பிடிப்பது, பசையிட்ட அட்டையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுவதும் துடிதுடிக்க விடுவதைக் காட்டிலும் இரக்கமுடையது.

அப்படியானால் செய்ய வேண்டுவது யாது? வீட்டளவில் நான்கு செயல்கள் போதும். இரவில் எச்சில் பாத்திரமும் நாய்க்கு வைத்த சோறும் திறந்து கிடக்கலாகாது. அரிசியும் பருப்பும் மூடியுள்ள தகர டப்பாவில் இருக்க வேண்டும். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழைந்துவிடும், அரை அங்குலத் துளை வீட்டெலிக்குப் போதும். ஆகையால் குழாய் நுழையும் இடங்களைச் சிமெண்டாலும், நீர்த்தாரையைக் கம்பி வலையாலும் அடைக்க வேண்டும். கொல்லையில் கிடக்கும் பழைய பலகை, டயர், கொட்டாங்கச்சிக் குவியலை அகற்ற வேண்டும். இவற்றுக்குப் பின்னரே பொறி. எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும் இயல்புடையது. ஆதலால் இரண்டு மூன்று நாள் பொறியை விசையேற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்கி, சுவரை ஒட்டி வைத்தால் பலன் உண்டு. எலிப் புழுக்கையை உலர்ந்தபடியே பெருக்கித் தூசி எழுப்பாமல், பிளீச்சிங் கரைசலால் நனைத்துத் துடைக்க வேண்டும். இவ்வேலைகளெல்லாம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டுமே உரியவை அல்ல. அண்ணன் தம்பியர்க்கும் இரண்டு கைகள் உண்டு என்பதை இங்கே அன்போடு நினைவூட்டுகிறோம்.

தெருவளவில் செய்ய வேண்டியதே முதன்மையானது. நம் பள்ளியில் ஒரே தெருவிலிருந்து வரும் மாணவியர் நாலைந்து பேராவது இருப்போம். வேறு வேறு வகுப்பில் பயின்றாலும் நாம் ஒன்றுகூட இயலும். ஒரு சனிக்கிழமை மாலை, பெரியவர் ஒருவர் துணையுடன், நம் தெருவைச் சுற்றி வந்து மூன்றை மட்டும் குறித்துக்கொள்வோம்: எங்கே குப்பை தேங்குகிறது? எங்கே சாக்கடை மூடியின்றிக் கிடக்கிறது? எங்கே பெருச்சாளி வளை தோண்டியிருக்கிறது? அப்பட்டியலோடு வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெற்று, வார்டு அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம். ஒரு வீட்டின் முறையீட்டை ஒதுக்கிவிடுவது எளிது. நாற்பது வீட்டார் ஒருமிக்கக் கேட்டால் ஒதுக்குவது கடினம். பொறி வைப்பதாயினும் எல்லா வீட்டாரும் ஒரே வாரத்தில் வைக்கட்டும். அப்போது எலிக்கு ஓடி ஒளிய அடுத்த வீடு இராது.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூட்டம் போட்டுப் பேசிக் கலைந்த கதையைச் சிறு வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இன்று எலியை ஒழிப்பது யார் என்று நாம் பேசிக் கலைந்துகொண்டிருக்கிறோம்! கீழ் வீட்டார் மாடி வீட்டாரைக் காட்டுகின்றனர், மாடி வீட்டார் மாநகராட்சியைக் காட்டுகின்றனர். அதற்குள் எலி தன் அடுத்த ஈற்றுக்கு ஆயத்தமாகிவிடுகிறது.

அன்புத் தோழியரே, பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, அருட்சகோதரிகளே! தூய்மை வீட்டு வாசலோடு முடிந்து போவதன்று. நம் வாசலைப் பெருக்கி அடுத்தவர் வாசலில் தள்ளும் குப்பையும், நம் கூண்டில் பிடித்து அடுத்த தெருவில் விடும் எலியும் நம்மிடமே திரும்பி வரும். வருமுன் வேறொரு வீட்டில் குழந்தையைக் கடித்துவிட்டும் வரும். தனி வளை நமக்கு இருக்கட்டும். தெரு நம் எல்லார்க்கும் பொதுவாகட்டும். இன்றிரவே அடுக்களையில் இரண்டு வாளிகளை வைத்து, வருகிற சனிக்கிழமையே நம் தெருவில் இறங்கி, இப்பணியைத் தொடங்குவோமாக!